கோடைத் தோட்டம்: பாத்தியா, பந்தலா, வேலியா? வன்னி வளவுகளுக்கான ஓர் ஒப்பீடு

சித்திரையில் பெய்யும் இரண்டொரு மழையோடு, இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் பெரும்பாலான வளவுகளில் மண்வெட்டி வெளியே வந்துவிடும். மண் ஈரமாக இருக்கும். மாரியில் நிரம்பிய கிணறு இன்னும் அதிகம் இறங்கியிருக்காது. மாரி நெற்போகமான காலபோகத்தின் அறுவடை முடிந்து வைக்கோலும் கையில் இருக்கும். அந்த வேளையில் எந்த விதையைப் போட்டாலும் முளைக்கும். ஆயினும் அந்தத் தோட்டம் கறிச்சட்டிக்குக் காய் தரவேண்டிய மாதங்கள் ஆனியும் ஆடியும் ஆவணியும் ஆகும். மண்ணும் கிணறும் காற்றும் அந்த மாதங்களில் சித்திரையில் இருந்ததுபோல இருப்பதில்லை. ஆகவே கோடைக்கு எதை நடுவது என்ற முடிவைச் சித்திரைக் கிணற்றை எட்டிப்பார்த்து எடுக்காமல், ஆவணிக் கிணற்றை நினைவில் வைத்து எடுக்கவேண்டும் என்பதே என் கருத்து.

வீட்டுத் தேவைக்காகத் தோட்டம் செய்பவர்களுக்கு இங்கே மூன்று வழிகள் உள்ளன. கத்தரி, வெண்டி, பச்சைமிளகாய், கீரை என்று நிலத்தில் பாத்தி கட்டிச் செய்வது ஒன்று. பாகல், புடோல், பீர்க்கு, பயிற்றை என்று கொடிகளைப் பந்தலில் ஏற்றிச் செய்வது இரண்டாவது. முருங்கை, அகத்தி, மரவள்ளி, கறிவேப்பிலை, வாழை, பொன்னாங்காணி என்று வேலியோரத்திலும் கிணற்றடியிலும் நிலைத்து நிற்கும் பயிர்களை நம்புவது மூன்றாவது. பலர் மூன்றையும் ஒரே ஆண்டில் தொடங்கி, ஆடி மாதத்தில் மூன்றுக்கும் தண்ணீர் போதாமல் திண்டாடுகிறார்கள். விற்பனைக்காக ஏக்கர்க் கணக்கில் மிளகாயும் கச்சானும் செய்பவர்களுடைய கணக்கு வேறு. அதை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, நாலு கத்தரியும் ஒரு முருங்கையும் நின்ற வளவுக்கும் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்கும் இருந்த வேறுபாட்டை நாங்கள் எல்லோரும் கண்டோம். அப்படி ஒரு வீட்டின் அன்றாடச் சமையலுக்கு எது கைகொடுக்கும் என்பதே இங்குள்ள கேள்வி.

முதலில் தண்ணீர்க் கணக்கு. வன்னிக்குரிய மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்திலேயே கிடைத்துவிடுகிறது. மே மாதக் கடைசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் எழுந்தபின் செப்டெம்பர் வரை வானத்தை எதிர்பார்ப்பதில் பயனில்லை. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லீற்றர் ஆகும். வெயிலும் சோளகமும் சேர்ந்து, இலை மூடி நிற்கும் பயிரிலிருந்தும் அதன் மண்ணிலிருந்தும் நாளொன்றுக்கு ஐந்து முதல் ஆறு மில்லிமீற்றர் வரை நீரை இழுத்துக்கொள்ளும். ஒரு பேர்ச் நிலம் ஏறத்தாழ 25 சதுர மீற்றர் என்பதால், ஒரு பேர்ச் தோட்டத்துக்கு நாளாந்தம் 125 முதல் 150 லீற்றர் நீர் வேண்டும். பத்து லீற்றர் வாளியால் அள்ளினால் பன்னிரண்டு முதல் பதினைந்து வாளி. ஐந்து பேர்ச் என்றால் அது அறுபது எழுபது வாளியாகிவிடும். மின்மோட்டர் உள்ள வீட்டுக்கு இது பெரிய உழைப்பாகத் தோன்றாது. ஆனால் மோட்டர் கிணற்றில் உள்ள நீரைத்தான் இறைக்கும். இல்லாத நீரை அது ஊறவைக்காது.

கிணறு எவ்வளவு தரும் என்பதை அளந்து பார்க்கலாம். பத்தடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி உயர நீர் ஏறத்தாழ 2,200 லீற்றர். பதினைந்தடி விட்டமுள்ள விவசாயக் கிணற்றில் அதே ஓரடி ஏறத்தாழ 5,000 லீற்றர். மாலையில் இறைப்பு முடிந்ததும் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, விடியலில் யாரும் அள்ளுவதற்கு முன் மீண்டும் குறித்தால் ஓர் இரவில் ஊறிய நீரின் அளவு தெரிந்துவிடும். பத்தடிக் கிணற்றில் அரையடி ஊறினால் 1,100 லீற்றர். குளிப்புக்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் சமையலுக்குமாக வீடு அதில் 600 லீற்றரை எடுத்தால், எஞ்சிய 500 லீற்றரை நம்பி மூன்று பேர்ச்சுக்கு மேல் துணியக்கூடாது. இந்த அளவை ஆவணியில் எடுத்து, கிணற்றுக் கட்டில் சுண்ணாம்பால் எழுதிவைப்பது நல்லது. அடுத்த சித்திரையில் முடிவெடுக்கும்போது அதுவே உண்மையைச் சொல்லும். வவுனியாப் பக்கத்துக் கருங்கற்பாறை நிலங்களில் ஊற்று மெதுவாகவே சுரப்பதால், அங்கே இந்த அளவை எடுக்காமல் தோட்டத்தைப் பெருப்பித்தவர்கள் ஓகஸ்டில் குடிநீருக்கே அயல்வீட்டுக்கு வாளியோடு போகவேண்டி வரலாம்.

வாய்க்கால் ஓரத்து வளவுகளின் நிலை இன்னொரு விதமானது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் கோடை நெற்போகமான சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில், வாய்க்காலிலிருந்து கசியும் நீரால் அயற்கிணறுகள் உயர்ந்து நிற்கும். கதவைப் பூட்டியதும் அதே கிணறுகள் இறங்கிவிடும். சிறுபோகத்தில் எவ்வளவு நிலத்துக்கு நீர் என்பது அந்த ஆண்டுக் குளத்தின் இருப்பைப் பொறுத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுவதால், உருத்திரபுரத்திலோ முரசுமோட்டையிலோ இருப்பவர் தன் கிணற்றை மட்டும் பார்த்துத் திட்டமிட முடியாது. தன் வாய்க்காலில் அந்த ஆண்டு எதுவரை தண்ணீர் ஓடும் என்பதையும் விசாரித்துக்கொள்ளவேண்டும்.

இனிப் பாத்தித் தோட்டம். இதற்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் அதிகம் உண்டு. அதன் முதற்சிறப்பு, அதைக் கூட்டவும் குறைக்கவும் முடிவதாகும். பத்துக் கத்தரியும் பத்து மிளகாயும் ஒரு வரிசை வெண்டியும் இரண்டு முழக் கீரைப் பாத்தியும் ஒரு பேர்ச்சுக்குள் அடங்கிவிடும். கத்தரிக்கு மூன்றடி இடைவெளியில் வரிசையும், வரிசையில் இரண்டடிக்கு ஒரு கன்றும் விட்டால் பத்துக் கன்று பிடிக்கும் இடம் ஐந்தரைச் சதுர மீற்றர்தான். தண்ணீர் குறைந்தால் கீரையை விட்டுவிடலாம்; இன்னும் குறைந்தால் வெண்டியையும் விடலாம்; கத்தரியும் மிளகாயும் நிற்கும். மாரியில் மேடாகக் கட்டும் பாத்தியைக் கோடையில் தாழ்த்தி, சுற்றிவர வரம்பு வைத்துக் கட்டவேண்டும். செம்மண் காய்ந்தால் மேலே ஓடுபோல இறுகி, ஊற்றும் நீரைப் பக்கத்துக்கு வழியவிடும் குணமுடையது; தாழ்ந்த பாத்தி அந்த நீரைப் பிடித்துவைக்கும். அதன்மேல் நாலு விரல் தடிப்பில் வைக்கோலைப் பரப்பினால் மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் நீர் மிச்சமாகும். சித்திரையில் வைக்கோல் இருக்கும்போதே தோட்டத்துக்கென்று ஒரு கட்டை ஒதுக்கிவையுங்கள்; ஆடியில் மாட்டுக்கே தேடவேண்டி வரும்.

இன வகையிலும் கத்தரிக்கு எங்களிடம் நல்லதொன்று இருக்கிறது. திருநெல்வேலி ஊதா என்று பெயர்பெற்ற கத்தரி வடபகுதியின் வெப்பத்துக்குப் பழகியது. தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான் இதற்குப் பெரிய எதிரி. வாடித் தலைசாயும் குருத்தைக் கண்ட அன்றே கீழே இரண்டு கணு சேர்த்து வெட்டி எரிப்பதும், ஓட்டை விழுந்த காயைச் செடியில் விடாமல் பறிப்பதும் வீட்டளவு தோட்டத்துக்குப் போதிய மருத்துவம் ஆகும். பத்துச் செடியைத் தினமும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பச்சைமிளகாய்க்குக் கோடையில் சிற்றுண்ணியாலும் இலைப்பேனாலும் இலைச்சுருள் வரும். வெண்டிக்கு வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் நரம்பு நோய் வரும். வந்த செடியைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. தக்காளியைக் கோடையில் நடவேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டி, இரவும் குளிராமல் இருக்கும்போது அதன் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். செடி பச்சைப்பசேலென்று நின்று தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும், காய் இராது. தக்காளிக்கு உரிய காலம் மாரி மழை ஓய்ந்தபின் வரும் குளிர்ந்த மாதங்களே.

சமையலறைப் பக்கமிருந்து பார்த்தாலும் பாத்தித் தோட்டமே கிழமை முழுவதும் பயன்தருவது. கத்தரி ஒன்றையே பால்கறியாகவும், சுட்டுச் சம்பலாகவும், பொரித்த குழம்பாகவும் மாற்றி மாற்றி வைக்கலாம். பொரித்த குழம்புக்குப் பிஞ்சும் முற்றலும் இல்லாத காயைக் காலையில் பறிக்கவேண்டும். நகத்தால் அழுத்தினால் தோல் அமிழ்ந்து உடனே மீளும் பருவம் அது. விரல் நீளத் துண்டுகளாக வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. பின் நீரை ஒட்டப் பிழிந்து, ஓரங்கள் பொன்னிறமாகும்வரை நல்லெண்ணெயில் பொரித்து எடுத்துவைத்துக்கொண்டு, அதே சட்டியில் வெந்தயம், பெருஞ்சீரகம், உள்ளி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, தேங்காயின் நீர்த்த கப்பிப்பாலும் பழப்புளிக் கரைசலும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் விட்டுக் கொதிக்கவைக்கவேண்டும். புளியின் பச்சை வாடை போனபின்பே பொரித்த காயைச் சேர்க்கவேண்டும். முதற்பாலை விட்டபின் பொங்கவிடாமல் இறக்கிவிடவேண்டும். காலையில் வைத்தால் இரவுப் புட்டுக்கும் அது நன்றாக இருக்கும். வெண்டிக்காயை வெட்டி அரைமணி நேரம் வெயிலில் வாடவிட்டால் வழுவழுப்பு அடங்கும். அதன்பின் பொரித்தாலும் வெள்ளைக்கறி வைத்தாலும் துண்டு குலையாது. முளைக்கீரை விதைத்து மூன்று நான்கு கிழமைக்குள் பறிக்கலாம். உள்ளியும் பச்சைமிளகாயும் சேர்த்து அவித்து மத்தால் கடைந்து, இறக்கியபின் தேசிப்புளி விட்டால், வேறு கறி இல்லாத நாளிலும் குத்தரிசிச் சோறு இறங்கும்.

பாத்தித் தோட்டத்தின் குறை, அது ஆள் இல்லாமல் நிற்காது என்பதே. ஒரு நாள் தண்ணீர் தவறினால் மிளகாய்ப் பூ உதிரும். நாலு நாள் யாரும் பார்க்காவிட்டால் வெண்டி முற்றி நார் வைத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து கட்டாக்காலி மாடுகள். நெல் நிற்காத மாதங்களில் அவிழ்த்துவிடப்பட்ட மாடுகளுக்கு வன்னி முழுவதிலும் பச்சையாகத் தெரிவது வீட்டுத் தோட்டங்கள் மட்டுமே. ஒரே இரவில் மூன்று மாத உழைப்பு போய்விடும் என்பதால், வேலிக்குக் காசோ கையுழைப்போ இல்லாதவர் பாத்தி கட்டத் தொடங்கவே கூடாது. அதே மாடுகளின் சாணமே இந்தத் தோட்டத்தின் பசளை என்பதையும் சொல்லவேண்டும். 2021 மே முதல் நவம்பர் வரை இரசாயனப் பசளை இறக்குமதி தடைபட்டிருந்த காலத்தில், மக்கிய எருவும் கிளிசரிடியாத் தழையும் போட்டுப் பழகியிருந்த வீட்டுத் தோட்டங்கள் தடுமாறவில்லை.

பந்தல் தோட்டத்தின் விளைச்சல் கண்ணுக்கு நிறைவானது. இருபதடிக்குப் பத்தடிப் பந்தல் ஒன்றில் பாகலும் புடோலும் காய்த்துத் தொங்கும்போது, ஒரு வீட்டால் தின்று முடிக்க இயலாது; அயலுக்கும் கொடுத்து, கடைக்கும் கொடுக்கலாம். அந்த நிறைவைப் பார்த்தே பலர் பந்தலைத் தெரிவுசெய்கிறார்கள். எனக்கு அதில் இரண்டு தடைகள் தெரிகின்றன. பந்தல் மூடிய இலைப்பரப்பு 18 அல்லது 19 சதுர மீற்றர் வரும். அதற்கு நாளாந்தம் நூறு லீற்றருக்குக் குறையாமல் நீர் வேண்டும். இது அதே அளவு பாத்திக்குத் தேவையானதுதான். ஆனால் பாத்தியைப்போல இதைப் பாதியாகக் குறைக்க முடியாது. கொடி படர்ந்தபின் தண்ணீரைக் குறைத்தால் முழுக்கொடியும் சேர்ந்தே வாடும். பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரும். அடுத்தது காற்று. நிலத்தோடு ஒட்டி நிற்கும் கத்தரியைவிட, ஆறடி உயரத்தில் விரிந்து நிற்கும் இலைகளைச் சோளகம் பலமடங்கு அலைக்கழிக்கும். தென்மேற்குப் பக்கத்தில் கிடுகு வேலியோ, நெருக்கமாக விதைத்த சோள வரிசையோ, பூவரசோ இல்லாத வெட்டைவெளி வளவில் ஆனி மாதத்துப் பந்தல் ஓரங்கள் கருகித்தான் நிற்கும். அயலில் உள்ள ஆச்சி ஒருவர் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “பிள்ளை, காத்து எந்தப் பக்கத்தாலை வருகுது எண்டு பாத்து, அந்தப் பக்கத்தை முதல் அடை. பந்தலை அதுக்குப் பிறகு போடலாம்.”

காற்றுக்கு மறைப்பும் வற்றாத கிணறும் உள்ளவருக்குப் பந்தலைப்போல இலாபமானது வேறில்லை. பாகலுக்குப் பழ ஈ பெரும் தொல்லை என்றாலும், பிஞ்சு விரலளவாக இருக்கும்போதே பழைய கடதாசிப் பையால் மூடிவிட்டால் மருந்தில்லாமலே காய் தப்பும். பயிற்றைக்குப் பந்தலும் வேண்டியதில்லை. தடி ஊன்றினால் போதும் என்பதால் அதைப் பாத்திக்கும் பந்தலுக்கும் இடைப்பட்டதாகக் கொள்ளலாம். பயிற்றங்காய்ப் பிரட்டல், வறை, பால்கறி எல்லாம் செய்து முடிந்தும் ஒரு பிடி மிஞ்சினால், ஒடியற் கூழுக்கு அதுவே வேண்டிய பொருள். பந்தற் காய்களின் உண்மையான பெறுமதி வெயிலில்தான் தெரியும். பாவற்காயை மெல்லிய வட்டமாக அரிந்து, உப்பும் புளித்த மோரும் சேர்த்து ஓரிரவு ஊறவைத்து, ஆடி வெயிலில் பாயில் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் கையில் எடுத்தால் சலசலக்கும் வற்றலாகிவிடும். மாலையில் அந்த வற்றலை மீண்டும் மோரில் போட்டு மறுநாள் எடுத்துக் காயவைப்பவர்களுடைய வற்றலில் உப்பும் புளிப்பும் உள்ளே வரை இறங்கியிருக்கும். பச்சைமிளகாயைக் கீறிச் செய்யும் மோர்மிளகாய்க்கும் இதுவே முறை. மார்கழியில் அடைமழை பெய்து கடைக்கும் போகமுடியாத நாளில், சோற்றுக்கும் சொதிக்கும் பக்கத்தில் இந்த வற்றல் பொரியல் ஒரு முழுக்கறிக்குச் சமம்.

மூன்றாவது வழியான வேலியோரப் பயிர்களைப் பலர் தோட்டமென்றே எண்ணுவதில்லை. தண்ணீர் குறைந்த வளவுக்கு என் முதல் தெரிவு இதுதான். வேர்பிடித்த முருங்கைக்குக் கோடையில் ஒரு வாளி தண்ணீரும் வேண்டாம். மழை ஓய்ந்து வெயில் ஏறும்போதுதான் அது நன்றாகப் பூத்துக் காய்க்கும். அகத்தியும் அப்படியே இலை தரும். மாரியில் நட்ட மரவள்ளி எட்டுப் பத்து மாதத்தில், அதாவது சரியாக மற்ற மரக்கறிகள் ஒடுங்கும் ஆடி ஆவணியில், கிழங்காகும். கிணற்றடியிலிருந்து வழியும் குளிப்புத் தண்ணீருக்கு வாழையும், அரிசி கழுவிய நீர் போகும் வாய்க்காலுக்குப் பொன்னாங்காணியும் வைத்தால், அவற்றுக்கென்று தனியாக இறைக்கவேண்டிய நீர் இல்லை. முருங்கையிலை வறை, முருங்கைக்காய்க் கறி, அகத்தியிலைப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வாழைப்பூ வறை, அவித்த மரவள்ளியும் செத்தல்மிளகாய்ச் சம்பலும் என்று எண்ணினால், இந்தப் பக்கத்திலிருந்தே கிழமைக்கு மூன்று நாட்கறியை எடுத்துவிடலாம். முருங்கையிலை வறையில் உள்ள ஒரேயொரு நுட்பம், இலையை உருவிக் கழுவி நீர் வடிந்தபின்பே சட்டியில் போடுவதும், தேங்காய்ப்பூவைக் கடைசியில் சேர்த்து மூடாமல் கிளறி இறக்குவதும் ஆகும். மூடினால் இலை நிறமிழந்து கசக்கும். மரவள்ளியையும் திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, அந்த நீரை ஊற்றிவிடவேண்டும். கிழங்கிலுள்ள நஞ்சுத்தன்மை அப்படித்தான் நீங்கும்.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை மறப்பவர்கள் பலர். சித்திரையில் நினைத்து ஆனியில் பெறக்கூடிய தோட்டமல்ல இது. முருங்கைத் தடியும் மரவள்ளித் தடியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊன்றப்பட்டிருக்கவேண்டும். மாரியில் நடாதவருக்கு அந்தக் கோடையில் பாத்தியும் பந்தலும் மட்டுமே எஞ்சும். விலங்குகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். காட்டோரக் கிராமங்களில் காட்டுப்பன்றி மரவள்ளிக் கிழங்கைக் கிளறிவிடும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் யானை வரும் வழியில் வாழை வைப்பது யானையை வீட்டுக்கு அழைப்பதாகிவிடும். அங்கே முருங்கையும் அகத்தியும் கறிவேப்பிலையும் போதும். கிழங்கையும் வாழையையும் விட்டுவிடலாம். குரங்குக்கு எந்த வழியிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பகலில் ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்தில், வீட்டுக்கு அருகே தோட்டத்தை வைப்பதே ஓரளவு பயன்தரும்.

சொட்டுநீர்ப் பாசனக் குழாயை வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேரடியில் மட்டும் நீர் விழுவதால் சிக்கனம் உண்மைதான். ஆனால் வவுனியாவிலும் அயலிலும் உள்ள கடினநீர் சுண்ணாம்புபோலப் படிந்து துளைகளை அடைத்துவிடும். வடிகட்டியைக் கழுவவும் அடைத்த துளையைத் தேடித் திறக்கவும் ஆள் வேண்டும். ஒரு பேர்ச் தோட்டத்துக்கு வைக்கோலும் பூவாளியுமே போதும். ஐந்து பேர்ச்சுக்கு மேற்பட்டால் குழாயைப்பற்றி யோசிக்கலாம்.

இனி யாருக்கு எது என்று சொல்கிறேன். ஆவணியில் ஓரிரவுக்கு அரையடிக்குக் குறையாமல் ஊறும் பத்தடிக் கிணறும், உறுதியான வேலியும், காலையும் மாலையும் தோட்டத்தில் நிற்க ஒருவரும் உள்ள வீட்டுக்கு, ஒரு பேர்ச் முதல் ஒன்றரைப் பேர்ச் வரை பாத்தியும், வேலியோரத்தில் முருங்கையும் அகத்தியும் என்பதே என் பரிந்துரை. ஐவர் உள்ள குடும்பத்தின் மரக்கறித் தேவையில் பெரும்பங்கு அதில் கிடைத்துவிடும். வாய்க்கால் ஓரத்து வளவு, காற்றுக்கு மறைப்பு, கிணற்றில் மிகையான நீர் ஆகிய மூன்றும் அமைந்தவர் பந்தலையும் சேர்க்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பந்தலுக்குப் பதிலாகத் தடியில் ஏறும் பயிற்றையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிணறு ஆடியிலேயே அடிக்கட்டைக் காட்டும் வளவுக்கும், கணவனும் மனைவியும் விடிய வேலைக்குப் போய் இருளத் திரும்பும் வீட்டுக்கும் பாத்தி வேண்டாம். வேலிப் பயிர்களும், பாத்திரம் கழுவும் இடத்தருகே பழைய உரப்பைகளில் மண் நிரப்பி வைத்த நாலைந்து பச்சைமிளகாயும் போதும். முல்லைத்தீவுக் கரையோரத்து மணல் வளவுகளில் நீர் நிற்காது என்பதால் எருவை இரட்டிப்பாக்கி, ஒரே தடவையில் ஊற்றும் தண்ணீரைக் காலையும் மாலையுமாகப் பிரித்து ஊற்றவேண்டும். மற்றப்படி முடிவு ஒன்றுதான்.

எவ்வளவு கவனமாகத் தெரிவுசெய்தாலும், ஆவணி நடுவில் கிணறு எதிர்பார்த்ததைவிட இறங்கிவிடும் ஆண்டுகள் உண்டு. அப்போது எதைக் கைவிடுவது என்பதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்திருந்தால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எல்லாவற்றையும் இழக்க நேராது. முதலில் கீரை, அதை மழையோடு மீண்டும் விதைக்கலாம். அடுத்தது வெண்டி, சித்திரையில் நட்டது அதற்குள் வயதாகிக் காய் குறைந்திருக்கும், நல்ல காய் இரண்டை விதைக்கென்று முற்றவிட்டுப் பறித்துவிட்டுச் செடியைப் பிடுங்கலாம். பின்னர் பயிற்றை. மிளகாயையும் கத்தரியையும் இறுதிவரை வைத்திருக்கவேண்டும். கத்தரியை நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் வெட்டிவிட்டு, அடியில் ஒரு கூடை எருவும் வைக்கோலும் போட்டு, மூன்று நாளுக்கு ஒரு வாளி ஊற்றிவந்தாலே அடிமரம் உயிரோடு இருக்கும். ஐப்பசி மழைக்குமுன் தாழ்ந்த பாத்தியின் வரம்பை உடைத்து, இடையில் வாய்க்கால் எடுத்து, வேரில் தண்ணீர் தேங்காதபடி மண்ணணைத்துவிட்டால் அது மீண்டும் தளிர்த்துக் காய்க்கும். அந்த மழையிலேயே வேலியில் வெற்றிடமாக உள்ள இடங்களில் முருங்கைத் தடியை ஊன்றிவிடவேண்டும்.